மூன்று கண் போனும் தம்புசாமி மாமாவின் மடியும்

கிள்ளான்,
கார்த்திகை மாதம், செவ்வாய்க்கிழமை.

என்றும் என் வணக்கத்துக்கும், கொஞ்ச நாளாக என் பயத்துக்கும் உரிய தம்புசாமி மாமா அவர்களுக்கு,

உங்கள் அக்காள் மகள் மலர் பணிவோடு எழுதுவது. இங்கு நானும் என் மாமியாரும் குழந்தை தேஷினியும் நலம். சரவாக் கடலில் எண்ணெய் மேடையில் வேலை பார்க்கும் உங்கள் மாப்பிள்ளை யுகேந்திரனும் நலம் என்றுதான் நினைக்கிறேன்; அவர் பேசுவது எனக்குக் கேட்கிறது, நான் பேசுவதுதான் கொஞ்ச நாளாக அவருக்குக் கேட்காமல் இருந்தது, அந்தக் கதைக்குத்தான் வருகிறேன். அங்கு சுங்கைப்பட்டாணியில் நீங்களும், குமுதா அத்தையும், உங்கள் வலது முழங்காலும் நலமாக இருக்க முருகனை வேண்டுகிறேன். முழங்காலைத் தனியாக வேண்டிக்கொண்டதற்குக் காரணம் உண்டு. மடி அதன் மேல்தானே இருக்கிறது.

இவ்வளவு தாமதமாக எழுதுவதற்கு மன்னியுங்கள். ஒரு வயதுப் பிள்ளையை வைத்துக்கொண்டு பேனா எடுத்தால், பேனா முதலில் அவள் வாய்க்குப் போய்விட்டுத்தான் என் கைக்கு வருகிறது. இந்தத் தாளின் ஓரத்தில் இருக்கும் ஈரத்தை என் கண்ணீர் என்று நினைத்து நீங்கள் மனம் இரங்கினால் இரங்குங்கள், நான் தடுக்கவில்லை. உண்மையில் அது அவளுடைய எச்சில்.

மாமா, அன்றைக்கு நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். தேஷினியின் முதல் பிறந்தநாள் கந்தசஷ்டிக்குள் விழுந்துவிட்டதால் வீட்டில் விரதம், முட்டை போடாத கேக், அது செங்கல் மாதிரி இருந்தது, நான் கத்தியை வைத்து அழுத்திக்கொண்டிருக்கும்போது உங்கள் போன் வந்தது. ஓடி வந்து எடுத்தேன். "மலரு! புள்ளைக்கு என் ஆசீர்வாதம்! ஹலோ? மலரு, ஹலோ?" என்றீர்கள். "மாமா, சொல்லுங்க மாமா, நல்லா கேக்குது மாமா" என்று நான் கத்துகிறேன். தேஷினி பயந்து அழுகிறாள், மாமியார் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்க்கிறார், பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டிகூட வேலிக்கு வந்துவிட்டார். உங்களுக்கு மட்டும் கேட்கவில்லை. "என்ன, பேச மாட்டியா?" என்றீர்கள். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஓ... சரி சரி. பேசாதே. நீ பேசவே பேசாதே. நான் வச்சிடறேன்" என்று சொல்லி வைத்துவிட்டீர்கள். கையில் கேக் வெட்டும் கத்தியோடு அப்படியே நின்றேன், மாமா. கோபத்தில் கத்துகிற மனிதரைச் சமாதானப்படுத்தலாம். குரலைத் தாழ்த்திக்கொண்டு கோபப்படுகிறவரை என்ன செய்வது?

அதற்குப் பிறகு எத்தனையோ முறை கூப்பிட்டுவிட்டேன். நீங்கள் எடுப்பதே இல்லை. கொழுந்தன் பிரவின் போனிலிருந்து கூப்பிட்டால், தெரியாத நம்பர் எல்லாம் ஏமாற்றுக்காரன் என்று நீங்கள் எடுக்க மாட்டீர்கள். மெசேஜ் எழுதினால் "எழுத்து எறும்பு மாதிரி இருக்கு" என்று படிக்க மாட்டீர்கள். அத்தைக்குத் தனிப் போன் கிடையாது. இதெல்லாம்கூடப் பரவாயில்லை, மாமா. தினமும் விடிந்ததும் எனக்கு ஒரு பூப்படம் அனுப்புவீர்களே, 'இனிய காலை வணக்கம்' என்று பனித்துளி சொட்டுகிற ரோஜா, செவ்வாய்க்கிழமையானால் மயிலோடு முருகன், வெள்ளிக்கிழமை தாமரை. கல்யாணமாகி நான் கிள்ளானுக்கு வந்த நாளிலிருந்து ஒருநாள் தவறியதில்லை. அந்தப் பூ நின்றுவிட்டது. அப்போதுதான் இது சாதாரணக் கோபம் இல்லை என்று எனக்கு உறைத்தது.

மார்கழி பிறப்பதற்குள் தேஷினிக்குக் காது குத்தியாக வேண்டும், கார்த்திகை கடைசி ஞாயிறு என்று நாள் குறித்தது உங்களுக்கே தெரியும். எனக்குக் கூடப்பிறந்த ஆண்பிள்ளை இல்லை. எனக்குக் காது குத்தியதும் உங்கள் மடியில்தான், என் மகளுக்கும் அதே மடிதான் என்று அவள் வயிற்றில் இருக்கும்போதே முடிவானது. பக்கத்துத் தெரு பாலன் அண்ணன் நல்ல மனிதர், "அவர் வராட்டி என்ன, நான் உக்காரட்டா?" என்று கேட்டார். என் மாமியார் வள்ளியம்மா அவரைப் பார்த்த பார்வையில் அவர் குடித்துக்கொண்டிருந்த தேநீரை வைத்துவிட்டுப் போய்விட்டார். பிறகு மாமியார் என் பக்கம் திரும்பி, "மலரு, தாய்மாமன் மடி இல்லாம காது இல்ல. நீ என்ன செய்வியோ" என்றார். ஆக, இதற்கெல்லாம் காரணமான போனைத் தூக்கிப் போட்டுவிட்டு, உங்கள் காதுக்கு என் குரலைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் போன் ஒன்றை வாங்குவது என்று முடிவெடுத்தேன்.

பழைய போன் பேச்சில் மட்டும் கெட்டதில்லை, மாமா. படமும் கெட்டுவிட்டது. பிள்ளைக்கு மேல் பல் முளைத்ததைப் படம் எடுத்து உங்கள் மாப்பிள்ளைக்கு அனுப்பினேன். உடனே போன். "மலர், பாப்பா ஏன் மஞ்சளா இருக்கா? கண்ணு மஞ்சள், பல்லு மஞ்சள், காமாலை லா இது, உடனே கிளினிக் போ!" அவர் நடுக்கடலில், நான் கிள்ளானில், பயத்துக்கு மட்டும் தூரமே இல்லை. எனக்கும் பார்க்கப் பார்க்க அவள் மஞ்சளாகத்தான் தெரிந்தாள். அள்ளிக்கொண்டு ஓடினேன். டாக்டர் அவளைப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார், வயிற்றைத் தட்டினார், கடைசியில் நான் ஆதாரமாக நீட்டிய போனைப் பார்த்தார். "பாப்பாவுக்கு ஒண்ணுமில்ல. போனுக்குத்தான் காமாலை" என்றார். நான் வெட்கத்தில் குனிந்ததில், அவருடைய ஸ்டெதஸ்கோப்பைப் பிள்ளை கடித்துக்கொண்டிருந்ததைக் கவனிக்கவில்லை.

பிரவினுக்கு ஆலோசகர் பதவி கொடுத்தோம். அவனை உங்களுக்குத் தெரியும், கல்யாணத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு விடாமல் இருந்தானே, அவனேதான். போன் விமர்சன வீடியோ பார்ப்பதைத் தவிர வேறு பொழுதுபோக்கு இல்லாத பிள்ளை. பிறந்தநாளுக்கு முந்தின நாள் வந்து, "அண்ணி, உங்க போன்ல எடமே இல்ல, நான் கிளீன் பண்றேன்" என்று என் பழைய போனைச் சுத்தம் செய்து கொடுத்ததும் அவன்தான். அவனிடம் எந்தப் போனைக் காட்டினாலும் ஒரே பதில்: "வெயிட் லா அண்ணி, அடுத்த மாசம் புது மாடல் வருது." அடுத்த மாதம் மார்கழி வருகிறது, அதை இவனுக்கு யார் சொல்வது?

முதலில் பிரிக்ஃபீல்ட்ஸ் போனோம். கொம்யூட்டர் ரயிலில் நான், தள்ளுவண்டியில் தேஷினி, தள்ளுவண்டியைத் தூக்க பிரவின். அங்கே தனேஷ் என்று ஒரு தம்பி சின்னதாகப் போன் கடை வைத்திருக்கிறார், தலைமுடிக்கு நீலச் சாயம், ஆனால் பேச்சில் மரியாதை. "அக்கா, எந்த மாதிரி பாக்குறீங்க?" என்றார். நான் வீட்டிலிருந்தே யோசித்து வைத்திருந்ததால் மூச்சு விடாமல் சொன்னேன். ஒரு கையில் பிள்ளை இருக்கும், அதனால் மறு கைக்கு அடங்கணும்; ஆனால் என் மாமியார் கண்ணாடி போடாமல் நாடகம் பார்க்கிற அளவுக்குத் திரை பெரிதாக இருக்கணும்; ஓடுகிற பிள்ளையை ஆடாமல் படம் பிடிக்கணும்; கீழே போட்டால் உடையக்கூடாது, கடித்தால் பல் பதியக்கூடாது, எச்சில் பட்டால் கோபித்துக்கொள்ளக்கூடாது; சார்ஜ் போட மறந்தாலும் நாள் முழுக்க உழைக்கணும்; கடலில் இருக்கிறவரோடும் பேசணும், சுங்கைப்பட்டாணியில் இருக்கிற மாமா காதிலும் விழணும்; முக்கியமாக, சூடாகக்கூடாது.

தனேஷ் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அக்கா, நீங்க கேக்குறது போன் இல்ல லா," என்றார். "நல்ல மருமக."

பிரவின் சிரித்த சிரிப்பில் தேஷினியும் சிரித்துவிட்டாள். அன்றைக்கு என் மாமியாரைக் கூட்டிப் போகாதது எவ்வளவு நல்லது என்று நினைத்துக்கொண்டேன்.

இருந்தாலும் தனேஷ் விடவில்லை. ஒன்றை எடுத்துக் கொடுத்தார், இரண்டு நாள் சார்ஜ் நிற்குமாம், கையில் வாங்கினால் அம்மிக்குழவியைத் தூக்கின மாதிரி இருந்தது. இன்னொன்று தீப்பெட்டி மாதிரி அழகாக உள்ளங்கையில் அடங்கியது. அதன் சார்ஜ் கிள்ளான் ரயில் சுபாங் தாண்டுவதற்குள் தீர்ந்துவிடும் என்று பிரவின் காதைக் கடித்தான். மூன்றாவதாக, கட்டுமான வேலை செய்கிறவர்கள் வைத்திருக்கும் முரட்டுப் போன் ஒன்று. "இது ஒடையவே ஒடையாது, மாடியிலேருந்து போட்டாலும் ஒண்ணும் ஆகாது அக்கா" என்று அவர் சொல்லி வாய் மூடுவதற்குள் தேஷினி அதைப் பிடுங்கி வீசிவிட்டாள். அவர் சொன்னது முழுக்க முழுக்க உண்மை, மாமா. போனுக்கு ஒன்றுமே ஆகவில்லை. விழுந்தது தனேஷின் கால் பெருவிரலில். ஒற்றைக்காலில் நின்றுகொண்டே, "பாருங்க... ஒரு கீறல் இல்ல" என்று அந்தத் தம்பி போனைத் திருப்பித் திருப்பிக் காட்டியது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அவர் விரலுக்குத் தைலம் தடவிக் கொடுத்துவிட்டு, வேறொரு நாள் வருகிறோம் என்று சொல்லி வந்துவிட்டோம்.

அடுத்தது கோலாலம்பூரில் ஒரு பெரிய பேரங்காடி. அங்கே குளிரூட்டி போட்ட கடையில் கறுப்புச் சட்டை போட்ட இளைஞன் ஒருவன் போனைப் பற்றிப் பேசவே இல்லை. "மேடம், உங்க லைஃப்ஸ்டைல் என்ன?" என்று கேட்டான். நான் பட்டம் வாங்கியவள், இந்தக் கேள்விக்கு ஒரு காலத்தில் என்னிடம் பதில் இருந்திருக்கும். யோசித்துப் பார்த்தேன். "காலையில கஞ்சி, மத்தியானம் கஞ்சி, நடுவுல நாப்பி" என்றேன். அவன் அசரவில்லை. புத்தகம் மாதிரி மடிகிற போன் ஒன்றைத் திறந்து காட்டினான். தேஷினிக்கு அது மிகவும் பிடித்துவிட்டது, அது மடியாத பக்கமாக மடித்துப் பார்க்க ஆரம்பித்தாள். நான் பிள்ளையின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்து, புன்னகைத்து, நன்றி சொல்லி, அந்தக் கடையிலிருந்து நடந்து வந்ததை ஓட்டம் என்று பிரவின் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறான். வேகமான நடைதான், மாமா.

இதற்குள் மாமியாருக்குப் பொறுமை போய்விட்டது. "நான் வரேன்" என்று புடவை மாற்றிக்கொண்டு கிளம்பினார். கிள்ளான் லிட்டில் இந்தியாவில் இராமலிங்கம் அங்கிள் கடை, முன்பக்கம் முறுக்கு அச்சும் குத்துவிளக்கும், பின்பக்கம் போன். அங்கிள் என்னைப் பார்க்கவே இல்லை, யாரிடம் அதிகாரம் இருக்கிறது என்பது வியாபாரிகளுக்குத் தெரியும். மாமியார் ஒவ்வொன்றாக ஒதுக்கினார். கறுப்பு ஆகாது. மணி அடித்தால் அடுப்படிக்குக் கேட்கணும், இது கொசு மாதிரி இருக்கிறது. அங்கிள் தன்னிடம் இருப்பதிலேயே உயர்ந்தது என்று ஒன்றைப் பட்டுத்துணியில் வைத்து நீட்டினார். முதுகில் பழம் போட்ட போன். மாமியார் அதைத் திருப்பிப் பார்த்தார்.

"இது யார் கடிச்சது?"

"அது அதோட சின்னம், அக்கா. உலகம் பூரா இதான் ஓடுது."

"ஓடட்டும். எச்சில் பழம். பூசையறைக்குள்ள எப்படிண்ணே வைக்கிறது?"

அங்கிள் போனைப் பட்டுத்துணியோடு சுருட்டி உள்ளே வைத்துவிட்டார். அவர் பூசை செய்கிற மனிதர்.

கடைசியில் மறுபடியும் தனேஷ் கடைக்கே போனோம், இந்த முறை மாமியாரோடு, இராகு காலம் கழித்து. தனேஷ் செருப்பைக் கழற்றிவிட்டு முழுச் சப்பாத்து போட்டிருந்தார், தேஷினியைப் பார்த்ததும் மேசைக்கு அந்தப்பக்கம் போய் நின்றுகொண்டார். நான் தலையைக் குனிந்துகொண்டு திரை, எடை, சார்ஜ் என்று ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறேன், பிரவின் "வெயிட் லா" என்று ஆரம்பிக்கிறான், மாமியார் கண்ணாடிப் பெட்டிக்குள் விரலை நீட்டினார். மயில் நீலத்தில் ஒரு போன், முதுகில் மூன்று கேமரா.

"மூணு கண்ணு" என்றார் மாமியார். கன்னத்தில் போட்டுக்கொண்டார். "ஈஸ்வரன் அம்சம். மலரு, இத எடு."

இப்படித்தான் மாமா, என் படிப்பு, பிரவினின் வீடியோக்கள், மூன்று கடை, எல்லாவற்றையும் தாண்டி எங்கள் வீட்டுப் போன் தேர்வானது. ஒப்புக்கொள்கிறேன், நல்ல போன்தான். கொஞ்சம் பெரியது, கொஞ்சம் வழுக்கும், ஆனால் தனேஷ் கடையில் பேசிப் பார்த்தபோது என் குரல் கணீரென்று கேட்டது. ரயிலில் வரும்போதே உங்களைக் கூப்பிடத் துடித்தேன். மாமியார் விடவில்லை. "பூசை போடாம முதல் பேச்சு பேசக்கூடாது. அதுவும் தாய்மாமன்கிட்ட பேசப்போற பேச்சு."

பூசை போட்டோம். காருக்குச் செய்வதெல்லாம் போனுக்கும் செய்தோம். பிரவின் எலுமிச்சம்பழத்தைத் தரையில் வைத்து அதன் மேல் போனை ஏற்றி இறக்கினான். மாமியார் சந்தனம் கரைத்து, மூன்று கண்ணுக்கும் மூன்று பொட்டு, நடுவில் குங்குமம், அடியில் சின்னச் சின்ன ஓட்டைகள் வரிசையாக இருக்கிறதே, அங்கே பெரிதாக ஒரு அப்பு அப்பினார். "அதுதான் அதோட வாய். வாய் நல்லா இருந்தாத்தான் பேச்சு நல்லா இருக்கும்" என்றார். இராத்திரி முழுக்க முருகன் காலடியில் இருந்தது. காலையில் எழுந்ததும், முதல் பேச்சாக உங்களைக் கூப்பிடுவதற்கு முன்னால் சரிபார்க்கலாம் என்று உங்கள் மாப்பிள்ளையை முகம் பார்த்துப் பேசக் கூப்பிட்டேன். அவர் முகம் தெரிந்தது. திரைக்குக் கிட்டே வந்து கண்ணைச் சுருக்கினார். நான் பிள்ளையைக் காட்ட, பின்பக்கக் கேமராவைத் திருப்பியிருந்தேன்.

"மலர்? என்ன அங்க ஒரே மஞ்சளா இருக்கு? மறுபடியும் ஹேஸ் புகை வந்துருச்சா? ஜன்னல மூடு லா! ஹலோ? மலர்? நீ பேசறது ஒண்ணுமே கேக்கலியே! இது புதுப் போனா, பழைய போனா?"

உட்கார்ந்துவிட்டேன், மாமா. குற்றம் போனில் இல்லை, என் ராசியில் என்றே முடிவு செய்துவிட்டேன். நான் தொட்டால் எந்தப் போனும் ஊமையாகிவிடுகிறது, என் பிள்ளைக்கு இனி காது குத்து கிடையாது, அவள் கல்யாணத்தன்று பத்தரைக் கூப்பிட்டுத் தோட்டைப் பசை போட்டு ஒட்ட வேண்டியதுதான் என்றெல்லாம் மனம் ஓடியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, போனை மாற்றிவர, பிள்ளையையும் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டேன். அப்போது மாமியார் உள்ளேயிருந்து ஆறுதலாகக் குரல் கொடுத்தார்.

"கவலப்படாம போயிட்டு வா, மலரு. நீ மாத்திக்கிட்டு வர்றதுக்குள்ள நான் புதுசா சந்தனம் கரைச்சு வைக்கிறேன்."

ஒரு காலில் செருப்பு, ஒரு காலில் இல்லை. அப்படியே நின்று போனைத் திருப்பிப் பார்த்தேன். அதன் வாயை முகர்ந்து பார்த்தேன். மாமா, கோவில் வாசனை.

தேஷினிக்குப் புதிதாக வாங்கி வைத்திருந்த முதல் பல்துலக்கியை எடுத்துவந்து அந்த ஓட்டைகளிலும் மூன்று கண்ணிலும் மெல்லத் தேய்த்தேன். மஞ்சள் மஞ்சளாக உதிர்ந்தது. கடலுக்குக் கூப்பிட்டேன். "ஐயோ மலர், கத்தாதே, காது போவுது!" என்றார் உங்கள் மாப்பிள்ளை. அந்தத் திட்டைப்போல இனிமையான ஒன்றை நான் கேட்டதே இல்லை. பிறகு சந்தேகம் வந்து மாமியாரிடம் மெதுவாகக் கேட்டேன். "மாமி, பழைய போனுக்கும் ஏதாவது...?"

"பின்ன? வெள்ளிக்கு வெள்ளி, நீ புள்ளைய குளிப்பாட்டுறப்ப, ஃபிரிட்ஜுக்கு ஒரு பொட்டு, வாஷிங் மெஷினுக்கு ஒரு பொட்டு, ஒன் போனுக்கு ஒரு பொட்டு. கரண்டுல ஓடுற எதையும் நான் விட்டதில்ல. அதுக்கென்ன இப்போ?"

எங்கள் வீட்டுச் சலவை இயந்திரம் ஏன் இத்தனை வருஷமாக ரிப்பேரே ஆகவில்லை என்பதும் அப்போதுதான் புரிந்தது. அதற்குப் பேசும் வேலை இல்லை. பழைய போனையும் துலக்கினேன். அதுவும் பேசிவிட்டது. இப்போது என்னிடம் நன்றாகப் பேசுகிற போன் இரண்டு இருக்கிறது, மாமா. பேசுவதற்குத்தான் நீங்கள் இல்லை. நேற்று புதுப் போனில் கூப்பிட்டேன், மணி முழுக்க அடித்து ஓய்ந்தது, நீங்கள் எடுக்கவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

தப்பு என்னுடையதும் இல்லை, உங்களுடையதும் இல்லை, மாமியாருடையது என்று சொல்லவும் எனக்குத் தைரியம் இல்லை. அது பக்தியுடையது. தயவுசெய்து கோபத்தை விட்டுவிடுங்கள். நீங்கள் வந்து கோவிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒரு கையால் அவள் தலையைப் பிடித்து, "அழாதேடா, மாமா இருக்கேன்ல" என்று சொன்னால் போதும். எனக்குச் சொன்னீர்களாமே, அம்மா சொல்லியிருக்கிறார்கள். முழங்கால் வலித்தால் நாற்காலி போடச் சொல்கிறேன், பத்தர் ஒத்துக்கொள்வார். ஒரே ஒரு பூ அனுப்புங்கள், பனித்துளிகூட வேண்டாம். அதை வைத்து நான் தெரிந்துகொள்வேன்.

குமுதா அத்தைக்கு என் வணக்கம், அவர் அனுப்பிய எலுமிச்சை ஊறுகாய் தீர்ந்துவிட்டது என்பதையும் வணக்கத்தோடு சேர்த்துச் சொல்லுங்கள். தேஷினி தன் கைப்பட உங்களுக்கு அன்பு தெரிவித்திருக்கிறாள், கீழே கஞ்சி விரல் பதிந்திருக்கிறது பாருங்கள். உங்கள் இருவருக்கும் நீண்ட ஆயுளும், உங்கள் முழங்காலுக்கு நல்ல எண்ணெயும் கிடைக்கட்டும்.

உங்கள் மடியில் காது குத்திக்கொண்ட,
மலர் யுகேந்திரன்.

பின்குறிப்பு: மாமா, மேலே எழுதியது எதையும் படிக்க வேண்டாம். படித்துவிட்டீர்களானால் மறந்துவிடுங்கள். உறையை ஒட்டப் போகும் நேரத்தில் பிரவின் வந்து, பழைய போனின் வாட்ஸ்அப்பைப் புதுப் போனுக்கு மாற்றிக் கொடுத்தான். கொடுக்கும்போதே, "அண்ணி, அன்னிக்கு கிளீன் பண்ணப்ப காலை வணக்கம் அனுப்புற ஆளுங்களையெல்லாம் ஒரு ஓரமா ஒதுக்கி மறைச்சு வச்சேன், சத்தம் வராம. எடுத்து விடட்டா?" என்றான். எடுத்து விட்டான். மாமா! ரோஜா, தாமரை, மயில், செம்பருத்தி, ஒன்று விடாமல், ஒருநாள் தவறாமல், எல்லாம் அங்கேயே இருந்தன. நடுநடுவே உங்கள் குரல் பதிவுகள். முதலாவதைக் கேட்டு நானும் மாமியாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்: "மலரு, சஷ்டிக்கு மௌன விரதம் இருக்கேன்னு ஒரு வார்த்த முன்னாடியே சொல்லக்கூடாதா? தெரியாம நான் பாட்டுக்கு பேச்சு குடுத்துட்டேன். அதான் டக்குனு வச்சிட்டேன். இனி நீ கூப்பிட்டாலும் எடுக்க மாட்டேன், வாய் தவறி பேசிடுவே, விரதம் கெட்டுப்போயிரும்." அடுத்தது: "சஷ்டி முடிஞ்சும் பேசலியே, மண்டல விரதமா? கோயில் கமிட்டில சொன்னேன், எல்லாரும் அசந்துட்டாங்க. இந்தக் காலத்துல இப்படி ஒரு புள்ளையான்னு ஒன் அத்த கண்ணு கலங்குறா." கடைசியாக இன்று காலை, மயில் முருகனோடு: "தோடு வாங்கியாச்சு. மடி ரெடி. ஞாயித்துக்கிழம புள்ளையோட காதுல நான் பேசிக்கிறேன், நீ பேச வேணாம்."

நான் சந்தோஷத்தில் அழுதுகொண்டே உண்மையைச் சொல்ல உங்களைக் கூப்பிடப் போனேன். மாமியார் போனைப் பிடுங்கிக்கொண்டார். "தாய்மாமன் சாமி பேரச் சொல்லி ஊரெல்லாம் சொல்லிட்டாரு. இனி அத பொய்யாக்கக் கூடாது" என்றார். ஆகவே, நாளை காலை சூரியன் உதித்ததிலிருந்து தேஷினிக்குக் காது குத்தி முடியும்வரை எனக்கு மௌன விரதம். போன் இரண்டும் பிரமாதமாகப் பேசுகின்றன, மாமா, மூன்று கண்ணும் பளிச்சென்று தெரிகின்றன. ஆனால் தயவுசெய்து கூப்பிடாதீர்கள். கூப்பிட்டாலும் நான் பேச மாட்டேன், இந்த முறை நிஜமாகவே. சந்தேகமாக இருந்தால் முகம் பார்த்துக் கூப்பிடுங்கள், தலையாட்டுகிறேன்.